கோழிக்கூட்டின் மேல் ஒரு படகு

ஆறு திரும்பி வருகிறது என்று ஊரே கூத்தாடிக்கொண்டிருந்தபோது வெனான்சியோ மட்டும் கூத்தில் சேரவில்லை. ஆறு ஓட வேண்டிய இடத்தில் அவர் பூண்டு போட்டிருந்தார்.

அதை ஒரு குற்றம் என்று அந்தப் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். குவாதியானா ஆற்றின் ஊற்றுக்கண்கள் வற்றி முப்பது வருஷம் ஆகிவிட்டது. லா மாஞ்சா சமவெளி முழுக்க ஆளாளுக்குக் கிணறு தோண்டி, மோட்டார் வைத்து, திராட்சைக்கும் மக்காச்சோளத்துக்கும் இறைத்துத் தள்ளியதில் ஆறு ஒரு கோடையில் தேங்கி நின்றது, அடுத்த கோடையில் காய்ந்தே போனது. காய்ந்த ஆற்றுக்குள் கரியைப் போலக் கறுத்த மண். அதைப் பார்த்து எச்சில் ஊறாத விவசாயி உண்டா? முதலில் டிராக்டரை இறக்கியவர் வெனான்சியோ. பின்னாலேயே ஊரில் பாதிப் பேர் இறக்கினார்கள். ஆனால் பட்டப்பெயர் முதலில் இறக்கியவருக்குத்தானே ஒட்டும்! 'ஆற்றை உழுதவன் வீடு எது?' என்று கேட்டால் பால் குடிக்கிற பிள்ளையும் கை காட்டும்.

போன கோடையில் அந்த மண்ணே அடியில் தீப்பிடித்துப் புகைந்தது. காலங்காலமாக மக்கிய வேரும் கோரையும்தான் அந்த மண். காய்ந்தால் விறகு மாதிரி எரியும். வரப்பில் நடந்தால் செருப்புக்கடியில் சுட்டது. ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்தது. அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் வந்தது பாருங்கள், வானத்துக்கே பொத்தலா என்று கேட்கிற மாதிரி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிடித்த மழை ஈஸ்டர் ஊர்வலத்தையும் நனைத்துவிட்டுத்தான் போனது. ஏப்ரலில் ஒருநாள் காலை, பாலத்துக்கு மேற்கே பள்ளத்தில் ஒரு வட்டத் தண்ணீர் கண் திறந்து கிடந்தது. மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொன்று.

அவ்வளவுதான், திருவிழா. தலைநகர் மத்ரீதிலிருந்து கார்கள் வந்தன. மடக்கு நாற்காலி, தொலைநோக்கி, குழந்தை குட்டி, நாய். செந்தலை வாத்துகள் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து இறங்கின. தவளைகள் இரவும் பகலும் கத்தின. முப்பது வருஷமாகக் கீழே தண்ணீரே இல்லாமல் வெட்கப்பட்டுக்கொண்டு நின்ற பாலத்தில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கால் வைக்க இடமில்லை. நகரசபை அவசர அவசரமாக 'இயற்கைக் காட்சி முனை' என்று ஒரு பலகை நட்டது. பலகையில் வரைந்திருந்த வாத்து பார்ப்பதற்குக் கோழி மாதிரி இருந்தது, யாரும் கவலைப்படவில்லை.

வெனான்சியோவின் பூண்டுக்காடு பாலத்திலிருந்து கல்லெறி தூரம். தினமும் விடிவதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு வருவார். மறுநாள் போனால் குச்சி தண்ணீருக்குள் நிற்கும். இன்னொன்றை ஊன்றுவார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி வீட்டுக்கும் காட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். சாப்பாட்டில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். மனைவி காசில்தா முதலில் சொல்லிப் பார்த்தாள். பிறகு தட்டை மூடி வைக்கக் கற்றுக்கொண்டாள்.

காப்பி குடிக்கப் போனால் அங்கேயும் நிம்மதி இல்லை. பார் நடத்தும் ஓவிதியோவுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னப்பா வெனான்சியோ, பூண்டுக்கு நீச்சல் கத்துக்குடுத்துட்டியா?"

"உன் வேலையைப் பாரு."

"என் வேலையே இதானே! சரி, உங்க அண்ணன் எப்ப வர்றான்? தண்ணி வந்தா வருவேன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்டுப் போனானே. ரொட்டி ஒண்ணு கூடுதலா வாங்கிட்டுப் போ."

பாரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெனான்சியோ காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார். பூண்டு ஒரு கவலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது அண்ணன்.

அண்ணன் எலாதியோ ஆற்றிலேயே வளர்ந்தவர். தட்டையான அடிப்பாகம் கொண்ட ஒரு படகு வைத்திருந்தார். நீளக் கழியால் தள்ளித் தள்ளிப் போய் நண்டும் மீனும் பிடிப்பார். தண்ணீர் வற்றிய கோடையிலும் நாள் தவறாமல் போய் அந்தப் படகில் உட்கார்ந்துவிட்டு வருவார். சீக்காளியின் கட்டிலில் உட்கார்ந்து வருகிற மாதிரி. தம்பி டிராக்டரோடு ஆற்றுக்குள் இறங்கிய அன்று எலாதியோ அதன் முன்னால் போய் நின்றார். ஊர் வேடிக்கை பார்த்தது.

"செத்துக் கெடக்குறவ மேல கலப்பையை ஏத்துறியேடா! ஒரு வருஷமாவது துக்கம் காக்கக் கூடாதா?"

"செத்துப்போனது செத்துப்போனதுதான், லாயோ. மண்ணு சும்மா கெடக்கணுமா?"

'லாயோ' என்பது வெனான்சியோ சின்ன வயதிலிருந்து அண்ணனைக் கூப்பிடுகிற பெயர். அதுதான் அவர் கடைசியாக அப்படிக் கூப்பிட்டது. "நகரு, போயித் தொலை" என்று அடுத்த வாக்கியத்திலேயே கத்திவிட்டார். எலாதியோ நகர்ந்தார். "தண்ணி திரும்பி வந்தா நானும் வர்றேன். அதுவரைக்கும் என் முகத்துல முழிக்காதே" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, வலென்சியாவுக்குப் போய் ஆரஞ்சுக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே கிழவரானார்.

வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸன்று காசில்தா அவருக்குப் போன் போடுவாள். அந்த நேரம் பார்த்து வெனான்சியோவுக்குக் கோழிகளைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கவிழ்ந்து கிடந்தது அண்ணனின் படகு. விட்டுப்போன மரம் வெயிலில் வீணாகிறதே என்று அவர்தான் தூக்கிப் போட்டார். ஊரில் அதற்கும் சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவர் அதற்குத் தார் பூசியதை யாரும் கவனிக்கவில்லை, காசில்தாவைத் தவிர. அவள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

ஊற்றுக்கண் திறந்த அன்றைக்கே காசில்தா வலென்சியாவுக்குப் போன் பண்ணிவிட்டாள். கிறிஸ்துமஸ் இல்லாத நாளில் முதல்முறையாக.

"என்ன சொன்னான்?" என்றார் வெனான்சியோ. முப்பது வருஷத்தில் அண்ணனைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"தண்ணி வந்துருச்சுன்னேன். ஒண்ணும் சொல்லல. வெச்சுட்டார்."

"வெச்சுட்டானா?"

"வெச்சுட்டார்."

அன்றிலிருந்து மதிய பஸ் அவருக்கு எதிரியானது. பாலத்தைத் தாண்டி வளைவில் நிற்கும். காட்டில் எந்த வேலையில் இருந்தாலும் அந்த நேரத்துக்கு முதுகை நிமிர்த்துவார், இடுப்பு வலிக்கிற மாதிரி. ஆசிரியை இறங்குவாள். சந்தைக்குப் போன கிழவிகள் இறங்குவார்கள். தொப்பியும் கேமராவுமாக இரண்டு வெளியூர்க்காரர்கள் இறங்குவார்கள். பஸ் போய்விடும். ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. தண்ணீர் பூண்டுக்காட்டின் முதல் வரிசையை நக்கத் தொடங்கியது.

எத்தனை நாள்தான் ஒரு மனிதன் இடுப்பு வலித்தவன் மாதிரி நடிப்பான்? ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ் வழக்கம்போல வெறுமனே போனதும், வெனான்சியோவுக்குள் ஏதோ அறுந்தது. வராதவனுக்காகப் பூண்டு அழுகணுமா? மறுநாள் காலையிலேயே டிராக்டரில் மண் தள்ளும் பலகையை மாட்டிக்கொண்டு இறங்கினார். காட்டின் மேற்கு விளிம்பு நெடுக அடியில் கல்லைப் போட்டு, மேலே மண்ணைத் தள்ளித் தள்ளிக் கரை போட்டார். தண்ணீர் கரையில் முட்டி நின்றது. அவர் மேலும் தள்ளினார். சேறு முகத்தில் தெறித்தது. வெறி பிடித்த மாதிரி வேலை செய்தார்.

பாலத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஆற்றைப் பார்க்க வந்தவர்களுக்கு ஆற்றைத் தடுக்கிற ஒருத்தர் கிடைத்தால் விடுவார்களா? கைபேசிகளைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஒரு பெண் "ஐயோ, வாத்துக் கூடு!" என்று கூவினாள். வெனான்சியோ என்ஜினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"இங்க என்ன சர்க்கஸா நடக்குது? போயித் தொலைங்க எல்லாரும்!"

பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நீலத் தொப்பி போட்ட ஒரு கிழவர் மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். தொலைவில் முகம் தெரியவில்லை. வெனான்சியோவுக்கு மூக்குக்கண்ணாடி போடப் பிடிக்காது. டாக்டர் எழுதிக்கொடுத்தது மேசை டிராயரில் கிடந்தது.

"ஓய் நீலத்தொப்பி! உன்னைத்தான்! காது கேக்கலையா? போயித் தொலை!"

கிழவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி மெதுவாக நடந்து போனார். வெனான்சியோ திருப்தியோடு உட்கார்ந்து மறுபடியும் என்ஜினை முடுக்கினார்.

அன்று மாலை காசில்தா கரையைப் பார்க்க வந்தாள். இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்தபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். ஒரு பக்கம் வானத்தைக் காட்டிக்கொண்டு தண்ணீர். மறுபக்கம் முழங்கால் உயரத்தில் பூண்டு. தண்ணீர்ப் பக்கம் நின்று பேசினாள்.

"நல்லாத்தான் போட்டிருக்கே."

"பின்ன?"

"அன்னிக்கு உழுதப்ப, செத்துப்போன ஆறுன்னே. நானும் சரின்னேன். உன் கூடத்தான் நின்னேன். பூண்டு சாப்பிட்டேன், முலாம்பழம் சாப்பிட்டேன். ஆனா இப்ப அது உசுரோட வந்து வாசல்ல நிக்குது. இப்ப என்ன சொல்லப் போறே, மனுஷா?"

வெனான்சியோ கரை மண்ணைக் காலால் மிதித்து அழுத்தினார்.

"அவர் வராம இருக்கலாம். அது அவர் இஷ்டம். ஆனா வந்தா, இந்தக் கரையைத்தான் பாக்கணுமா?" என்றாள் காசில்தா. அதற்கு மேல் நிற்காமல் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போய்விட்டாள்.

அவருக்கு அழுகையாக வந்தது. அந்த வயதில் அழுவதற்கு வெட்கமாகவும் இருந்தது. அன்றிரவும் மறு இரவும் அவர் புரண்டதில் கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். டிராக்டரைத் தொடவில்லை. தானே போட்ட கரையின் நடுவில் நின்று வெட்டினார். முதலில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் கசிந்தது. பிறகு கை அகலம். பிறகு அவரைக் கேட்காமலே தண்ணீர் மீதி மண்ணைத் தானே இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பூண்டுச் சால்களுக்குள் அது ஓடியதைப் பார்க்க வேண்டுமே, ஒவ்வொரு சாலாக, தன் வீட்டு அறைகளை ஒருத்தி திறந்து பார்க்கிற மாதிரி! வெனான்சியோ முழங்கால் நனைய நின்றார். ஆறு மாச உழைப்பு போகிறது என்று ஒரு பக்கம் நெஞ்சு எரிந்தது. மறுபக்கம், சொல்லத் தெரியாத ஒரு லேசு. பால்காரன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு ஊருக்குள் பறந்தான்.

நின்றால் யோசனை வந்துவிடும் என்று பயந்து அவர் வீட்டுக்கு ஓடினார். நேராகக் கோழிக்கூட்டுக்கு. கயிற்றைக் கட்டி டிராக்டரால் இழுத்ததில் படகு கூட்டை விட்டுச் சரிந்து இறங்கியது. திடீரென்று தலைக்கு மேல் வானத்தைப் பார்த்த கோழிகள் போட்ட கூச்சலில் காசில்தா கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள்.

"என்ன பண்றே?"

"பாத்தா தெரியல?"

"கோழியெல்லாம் ஓடுது!"

"ஓடட்டும்!"

படகைத் தண்ணீர் வரை இழுத்துப் போய்த் தள்ளினார். ஒரு கணம் அது மிதந்தது. அந்த ஒரு கணத்தில் அவர் சிரித்துவிட்டார், சத்தமாக, தனியாக. பிறகு பலகை இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்தது. சாக்கை அடைத்தார். சேற்றை அப்பினார். சட்டையைக் கழற்றித் திணித்தார். ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடத்தில் பிய்த்துக்கொண்டது. படகு நிதானமாக, கோபமில்லாமல், பூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டது. வெனான்சியோவும் அதன் பக்கத்திலேயே தண்ணீரில் உட்கார்ந்தார். பூண்டும் போச்சு, படகும் போச்சு. பூண்டு அவருடையது. படகு அவருடையதா? அடுத்தவன் பொருளைக் கோழிக்குக் கூரையாகப் போட்டுக் கெடுத்தது அவர்தானே?

"காஞ்ச பலகைடா அது. எடுத்ததும் மிதக்குமா?"

கரையில் நீலத் தொப்பி போட்ட கிழவர் நின்றுகொண்டிருந்தார்.

வெனான்சியோ கண்ணை இடுக்கிப் பார்த்தார். முகம் ஒன்றும் பிடிபடவில்லை. நிற்கிற விதம்தான் பிடிபட்டது. கழி ஊன்றி நிற்கிறவன் மாதிரி, ஒரு காலில் பாரம் போட்டு.

"லாயோ?"

"முழுசா முங்கட்டும் விடு. பலகை தண்ணி குடிக்கணும். குடிச்சு உப்புனா இடுக்கெல்லாம் தானா மூடிக்கும். அப்புறம் எடுத்து இறைச்சா மிதக்கும். இதுகூட மறந்துபோச்சா?"

"நீ... பஸ்ல வரலியே!"

"பஸ்ஸைப் பாத்துக்கிட்டா இருந்தே?"

எலாதியோ தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார்.

"பக்கத்து வீட்டுப் பையன் கார்ல கொண்டாந்து விட்டான். செவ்வாய்க்கிழமையே வந்துட்டேன். பக்கத்து டவுன் தாய்மியேல்ல லாட்ஜில ரூம் எடுத்திருக்கேன். மறுநாளு பாலத்துக்கு வந்தேன், உன்னைப் பாக்க. நீ கரை போட்டுக்கிட்டிருந்தே."

அவர் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தார்.

"போயித் தொலைன்னே. நானும் போயிட்டேன்" என்றார் எலாதியோ. "ரெண்டாவது தடவை."

வெனான்சியோவுக்கு அந்த நீலத்தொப்பி இப்போதுதான் விளங்கியது. இரண்டு வாரமாக ஒரு பஸ்ஸை முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, வந்தவனைத் தன் வாயாலேயே விரட்டியிருக்கிறார். மூக்குக்கண்ணாடி டிராயரில் கிடந்தது.

"எனக்குத் தெரியல, லாயோ. சத்தியமா முகம் தெரியல."

"தெரிஞ்சிருந்தா கத்தியிருக்க மாட்டியா?"

பொய் சொல்ல இது நேரமில்லை. வெனான்சியோ யோசித்தார். "தெரியல" என்றார்.

எலாதியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலில் முடிகிற சிரிப்பு. "இன்னிக்கு ஊருக்குத் திரும்புறதா இருந்தேன். லாட்ஜுக்குக் கீழே காப்பி குடிக்கிறப்ப பேசிக்கிட்டாங்க, ஆத்தை உழுதவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, தான் போட்ட கரையைத் தானே வெட்டுறான்னு. அந்தக் கிறுக்கைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். காலுறையைச் சுருட்டி அதற்குள் வைத்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். குளிர்ந்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தார். படகின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கட்டைவிரலில் கறுப்பாக ஒட்டியது.

"தார் பூசியிருக்கே?"

"கோழி நனையும்ல" என்றார் வெனான்சியோ.

எலாதியோ முகத்தைத் திருப்பிக்கொண்டு வாத்துகளைப் பார்த்தார், தேவைக்கு அதிகமான நேரம். பிறகு குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு பூண்டைப் பிடுங்கி அலசினார். "இன்னும் முத்தல. முட்டையில போட்டுக் கிளறினா நல்லாருக்கும்."

வெனான்சியோ வீட்டைப் பார்த்துக் கத்தினார். "காசில்தா! முட்டை இருக்கா?"

"கோழியே இல்ல! எல்லாம் திராட்சைத் தோட்டத்துல நிக்குது!" என்று பதில் வந்தது. உடனே இன்னொரு குரல், வேறு மாதிரி: "யார் கூட பேசுறே?"

எங்கோ தெற்கே ஒரு கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கியது. இந்த வருஷத்தின் முதல் மோட்டார். இரண்டு பேரும் தலையைத் தூக்கிக் கேட்டார்கள். எலாதியோவின் கண் தம்பியின் மோட்டார் அறைப் பக்கம் போய் வந்தது.

"உன்னுது?"

"இன்னும் போடல."

"போடுவியா?"

"என்னோட ஒரு மோட்டார் ஓடலேன்னா ஆறு தங்கிருமா, லாயோ?"

"தங்காது."

"தண்ணி திரும்பப் போயிருச்சுன்னா?"

படகின் ஒரு முனை மறுபடி மேலே எழும்பப் பார்த்தது. எலாதியோ அதைக் காலால் மிதித்துக்கொண்டார். "கல்லு கொண்டா. பாரம் வெச்சாத்தான் முங்கிக் கெடக்கும்."

"இது குடிச்சு முடிக்க எவ்வளவு நாளாகும்?"

"எனக்கெப்படித் தெரியும்? முப்பது வருஷத் தாகம்."

"அதுவரைக்கும் இருப்பியா?"

"அது மிதக்காம நான் எப்படிப் போவேன்?"

வெனான்சியோ சட்டையில்லாமல், சேறும் நீருமாக, உடைந்த கரைக்கு ஓடினார். கரைக்கு அடிபோட்டிருந்த கற்களில் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து படகுக்குள் இறக்கினார். திரும்ப ஓடி இன்னொன்று. அப்புறம் நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டிய பெரிய கல் ஒன்று. படகு சேற்றில் நன்றாக அழுந்தியது. விளிம்புகூட வெளியே தெரியவில்லை.

"போதும்டா" என்றார் எலாதியோ. "இப்படி வெச்சா இது எழும்பவே எழும்பாது."

வெனான்சியோ இன்னொரு கல் எடுத்து வரப் போனார்.